பிணக்கில் பாடம் யாருக்கு?

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவை ஒட்டி, ஒன்றுக்கொன்று சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் பற்றி எழுதப் புகுந்தவர்கள், முன்னதன் பதினொரு நிலைக் கோபுரத்தையும் பால்கோவாவையும், பின்னதன் நூற்பாலைகளையும் அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய வெண்ணிற வேட்டை நாயையும் சொல்லிவிட்டு நிறைவு கொள்வது வழக்கம். இவ்விரண்டு ஊர்களுக்கும் இன்னொரு செல்வம் உண்டு. அன்பு கொண்டவர்களுக்கிடையே நேரும் உணர்ச்சித் தோல்வியை, அதாவது ஒருவர் மனத்தை மற்றவர் அறியாது போவதையும், அறிந்தும் அதற்கு இணங்காது போவதையும், அதனால் விளையும் மனக்கசப்பையும், அக்கசப்பினின்று ஒருவர் கற்றுத் தெளிவதையும் பற்றித் தமிழில் எழுந்த பேச்சுக்களில் மிக ஆழமான சில, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நந்தவனத்தைச் சுற்றிப் பிறந்தன. நூற்றாண்டுகள் பல கழிந்தபின், அதே பொருளில் பிற மொழியாளர் சொன்னவற்றைத் தமிழுக்குக் கொணர்ந்து சேர்த்த ஒரு மனிதர் இராஜபாளையத்தில் வாழ்ந்தார். அவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறவில் அடைந்த தோல்வி நமக்கு ஒரு பாடம் என்று சொல்லாதவர் இல்லை. மணமுறிவு கண்டவரிடமும், நட்பு முறிந்தவரிடமும், மகனோடு பேச்சற்றுப் போன தாயிடமும் சுற்றத்தார் சொல்லும் முதல் ஆறுதல் அதுவே. ஆனால் அந்த ஆறுதல் மொழியைச் சற்று நிறுத்திச் சோதித்துப் பார்த்தால், பாடம் கற்கும் கடமையை அது எப்போதும் காயம் பட்டவர் தலையிலேயே சுமத்துகிறது என்பது புலனாகும். இனி எச்சரிக்கையாக இரு, அவ்வளவு எதிர்பார்க்காதே, மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று உபதேசிக்கப்படுகிறவர் யார்? புறக்கணிக்கப்பட்டவரே அல்லரா? புறக்கணித்தவரை அழைத்து உட்காரவைத்து, நீ எதைக் கேட்கத் தவறினாய் என்று விசாரிக்கும் வழக்கம் நம்மிடம் அருகிவிட்டது. பிணக்கில் பாடம் கற்க வேண்டியவர் முதன்மையாகப் பிழை செய்தவரே என்ற கருத்து நம் மரபுக்குப் புதியதன்று என்பதும், ஸ்ரீவில்லிபுத்தூரின் ஐதிகத்தில் அது நடுநாயகமாக வீற்றிருக்கிறது என்பதும் என் துணிபு.

முதலில் பழைய இலக்கணத்தை நோக்குவோம். தொல்காப்பியத்துக் கற்பியல், மண வாழ்க்கைக்குரிய சடங்கு முறையை மூத்தோர் ஏன் வகுத்தனர் என்பதற்கு ஒரு காரணம் கூறுகிறது: அன்பால் மட்டும் கூடி வாழ்ந்த காலத்தில் பொய்யுரையும் நெறி தவறுதலும் தலைகாட்டிய பிறகே அந்த ஏற்பாடு எழுந்தது என்பது அதன் கருத்து. உலகத்தின் பழைய நூல்கள் பலவும் திருமணத்தைத் தெய்வத்தின் கட்டளையாகவோ முன்னோரின் கொடையாகவோ கூறியிருக்க, தமிழின் மிகப் பழைய இலக்கண நூல் அதனைத் தோல்வியிலிருந்து கற்ற பாடமாகவே கூறுவது சிந்திக்கத்தக்கது. அங்கே கற்றது தனி மனிதன் அல்லன், சமுதாயம். அதே இயல், கணவன் மனைவியரிடையே பிணக்கு நேர்ந்தபோது இடைநின்று பேசுவதற்கு உரியவர்களையும் வகுத்துச் சொல்லுகிறது. தோழி, தாய், பாணன், விறலி, விருந்தினர், அறிவர், வழியில் கண்டவர் உள்ளிட்ட பன்னிருவரை வாயில்கள் என்று அது பெயரிட்டழைக்கிறது. பிணக்கு என்பது இருவர் மட்டும் அறைக்குள் வைத்து அழுத்திக்கொள்ள வேண்டிய இரகசியம் அன்று. அதற்குச் சாட்சியும் செவியும் வேண்டும் என்பது அக்காலத்தார் கண்ட முடிவு.

எனினும் சங்கப் பாடல்களின் மருதத் திணையைப் பயின்றவர்க்கு ஓர் உறுத்தல் எழாமல் இராது. ஊடல் அத்திணையின் உரிப்பொருள். பரத்தையை நாடிச் சென்ற தலைவன் மீண்டு வருகிறான், தலைவி கதவடைக்கிறாள், வாயில்கள் தூது வருகிறார்கள், முடிவில் விருந்தினர் முகம் கருதியோ, புதல்வன் பொருட்டோ, தோழியின் சொல்லுக்காகவோ அவள் சினம் தணிகிறாள். பேச இடம் அவளுக்குக் கிடைத்தது. அந்தப் பேச்சு மிக உயர்ந்த கவிதையாகவும் ஆயிற்று. ஆனால் பொறுத்தல் என்ற பாடம் அவளுக்கே விதிக்கப்பட்டது. தலைவன் அடுத்த பாடலில் மறுபடியும் புறப்பட்டுவிடுகிறான்.

இந்த இடத்தில் வள்ளுவர் வேறு வழி செல்லுகிறார். முப்பாலும் அடங்கிய தம் நூலின் கடைசி மூன்று அதிகாரங்களைப் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று அவர் அமைத்தார். 1,330 குறட்பாக்கள் கொண்ட பெருநூல் கணவன் மனைவியர் பிணக்கிலும் அதன் தீர்விலுமே நிறைவுறுகிறது. புலவியை உப்புக்கு ஒப்பிட்டு, அளவு மீறினால் உணவு கெடுவதுபோல் உறவு கெடும் என்று அவர் உரைத்ததை எல்லோரும் அறிவர். நாம் போதிய அளவு கவனியாதது புலவி நுணுக்கம் என்னும் அதிகாரத்தின் உளவியல். அங்கே கணவன் குற்றமாக எதுவும் செய்வதில்லை. இந்தப் பிறவியில் உன்னைப் பிரியேன் என்கிறான். அப்படியானால் மறு பிறவியில் பிரிவாயோ என்று அவள் கண்ணீர் வடிக்கிறாள். உன்னை நினைத்தேன் என்கிறான். நினைப்பதற்கு முன் மறந்திருந்தாய் அல்லவா என்று அவள் விலகுகிறாள். சொன்னவன் கருதிய பொருள் ஒன்று, கேட்டவள் மனத்தில் விளைந்த பொருள் வேறு. உணர்ச்சித் தோல்விகளுள் பெரும்பாலானவை தீய எண்ணத்தால் விளைவன அல்ல, இத்தகைய செவிப் பிழையாலும் சொற்பிழையாலும் விளைவன என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியுமா என்பது ஐயமே. துனியை முதிர்ந்த கலாம் என்றும் புலவியை இளைய கலாம் என்றும் பரிமேலழகர் பிரித்துக் காட்டியிருப்பதும் பயனுள்ளது. சிறிய பிணக்கைக் காலத்தில் தீர்க்காது விட்டால் அது வேறொரு பொருளாகவே மாறிவிடும் என்ற எச்சரிக்கை அந்தப் பிரிவினையில் அடங்கியிருக்கிறது. யாவற்றிலும் மேலாக, ஊடற்போரில் பணிந்துபோனவருக்கே வள்ளுவர் வெற்றியை வழங்குகிறார். மருதத் தலைவன் கல்லாத பாடத்தை வள்ளுவரின் கணவன் கற்கத் தொடங்குகிறான்.

இனி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம். பெரியாழ்வாராகிய விஷ்ணுசித்தர் அவ்வூர்ப் பெருமாளாகிய வடபத்ரசாயிக்குப் புஷ்ப கைங்கரியம் செய்து வாழ்ந்தவர். நந்தவனத்தின் துளசிச் செடியருகே கண்டெடுத்த பெண் குழந்தையைக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார் என்பதும், அவள் பெருமாளுக்கென்று கட்டி வைத்த மாலையைத் தான் சூடி அழகு பார்த்தபின் எடுத்து வைத்தாள் என்பதும் குருபரம்பரை நூல்கள் வழங்கும் வரலாறு. அதைக் கண்ட தந்தை துணுக்குற்றார்; மகளைக் கண்டித்தார்; அன்று அம்மாலையைக் கோயிலுக்குக் கொண்டு செல்லவில்லை. இரவில் பெருமாள் அவர் கனவில் தோன்றி, அவள் சூடிய மாலையே தமக்கு உகந்தது என்று அருளினார்.

இக்கதையைப் பக்தி மகிமையாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். சற்று வேறு கோணத்தில் அதனை ஒரு குடும்பத்தின் வரலாறாக நோக்கினால் என்ன தென்படுகிறது? தந்தையிடம் தீய எண்ணம் ஏதுமில்லை. அவர் தம் கடமையின் தூய்மையைக் காக்க முனைந்தார்; மகளின் செயலில் அபசாரத்தைக் கண்டார்; அச்செயலுக்குள் இருந்த அன்பைக் காணவில்லை. நல்ல மனிதர்கள் தம் பிள்ளைகளிடம் செய்யும் தவறுகளில் மிகப் பெரும்பான்மை இந்த இனத்தைச் சேர்ந்தவையே. ஒழுங்கின் பெயரால் நாம் கண்டிப்பது எத்தனை தடவை ஒரு குழந்தையின் நேசத்தைக் கண்டிப்பதாக முடிகிறது! ஆனால் இக்கதையின் உயிர்நிலை அடுத்து வருகிறது. கனவில் வந்த பெருமாள் மகளிடம் சென்று, தந்தையைப் பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. தந்தையிடம் வந்தார். திருந்த வேண்டியவராகக் கருதப்பட்டவர் தந்தை. அவரும் தம் முதுமையையோ கல்வியையோ ஊரார் மதிப்பையோ அரணாக்கிக்கொள்ளாமல், தாம் அதுவரை அபசாரம் என்று நம்பியிருந்த அதே செயலை நித்திய கைங்கரியமாக ஏற்றுக்கொண்டார். கண்டிப்பு மரபாகாமல் திருத்தம் மரபாயிற்று. இன்றும் ஆண்டாள் என்று போற்றப்படும் அக்கோதை சூடிக் களைந்த மாலை திருப்பதிப் பிரம்மோற்சவத்துக்கும், சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு எழுந்தருளும் அழகருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செல்லுகிறதென்றால், ஒரு தந்தை தம் தவற்றை உணர்ந்து மாற்றிக்கொண்டதன் தொடர்ச்சியாகவும் அதைக் காணலாம்.

பெரியாழ்வார் கற்ற பாடம் அவ்வளவில் நின்றுவிடவில்லை என்பதற்கு அவர் பாசுரங்களே சான்று. பெரியாழ்வார் திருமொழியின் மூன்றாம் பத்தில் எட்டாம் திருமொழி, மகள் கண்ணனோடு போய்விட்ட வீட்டில் நிற்கும் தாயின் புலம்பலாக அமைந்தது. பின்வந்த மரபினர் இதனைக் கோதையைப் பிரிந்த அவருடைய சொந்த உள்ளத்தோடு பொருத்தியே கேட்டனர். ஓர் ஆண், தாயின் குரலை மேற்கொள்ளுகிறார். வீடு வெறிச்சோடியதைச் சொல்லும் அத்தாய், அடுத்துக் கேட்கும் கேள்விகள் அனைத்தும் மகள் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றியவை: யசோதை மருமகளை அணைத்துக்கொள்வாளா? அந்த ஆயர் வீட்டில் அவளை மதித்து நடத்துவார்களா? விடியலில் எழுந்து தயிர் கடையும் வேலையில் கயிறு இழுத்து அவள் கைகள் தழும்பேறிப் போகுமோ? தன் இழப்பை மட்டும் பேசுகிறவனுக்குத் தோன்றாத கேள்விகள் இவை. மாலையில் அபசாரத்தைக் கண்டு மகளைக் காணத் தவறிய கண், இங்கே மகளின் உள்ளங்கை வரையில் பார்க்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தையே நான் கற்றல் என்று கொள்ளுகிறேன்.

காயம் பட்டவரின் தரப்பைக் கேட்க வேண்டுமானால் ஆண்டாளிடமே செல்ல வேண்டும். அவள் அருளிச்செய்த திருப்பாவையின் முப்பது பாசுரங்கள் மார்கழி விடியலில் தமிழ்நாடெங்கும் ஒலிக்கின்றன. பள்ளிக் குழந்தைகள் மனப்பாடம் செய்கிறார்கள். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களிலோ வாரணமாயிரம் என்று தொடங்கும் திருமணக் கனவை மட்டும் நாம் எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றை அறிஞர்களுக்கும் கோயில் கோஷ்டிக்கும் விட்டுவிட்டோம். இது பெரிய நஷ்டம் என்று நான் உளமார நம்புகிறேன். பதினான்கு திருமொழிகள் கொண்ட அந்நூல், நிறைவேறாத அன்பு ஒரு மனத்தில் எவ்வாறு நிலைமாறிச் செல்லுகிறது என்பதன் முழுமையான பதிவு. தை மாதத்து நோன்பில் காமதேவனை வேண்டுவதில் அது தொடங்குகிறது. பின்னர், தாங்கள் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று சிறுமியர் கெஞ்சுகிறார்கள், கூடல் இழைத்துக் குறி பார்க்கிறாள், குயிலை ஏவுகிறாள், ஆறாவதில் கனவு காண்கிறாள். கனவில் நடந்த திருமணம் விடிந்தபின் நடக்கவில்லை. அதன் பிறகே அந்நூலின் தொனி கனக்கிறது. சங்கிடம் பொறாமை கொள்ளுகிறாள். மேகங்களைத் தூது விடுகிறாள். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்ளுகிறாள். திருவரங்கத்துப் பெருமாளாகிய அரங்கன் தன் வளையைக் கவர்ந்துகொண்டதாக வழக்குரைக்கிறாள். பன்னிரண்டாம் திருமொழியில் சுற்றியிருப்பவர்களைப் பார்த்து, தன் நிலையில் நில்லாத அவர்கள் தனக்குச் சொல்லும் புத்திமதி பயனற்றது என்று ஒதுக்கிவிடுகிறாள். பதின்மூன்றாவதில் சினம் உச்சத்தை எட்டுகிறது; தனக்கு உதவாத தன் மார்பைப் பறித்து அவன் மார்பில் எறிவேன் என்ற அளவுக்கு அது செல்லுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மருதப் பாடலில் வரும் தோழியைப்போல் எவரும் குறுக்கிட்டு அவளைத் தணித்துவிடுவதில்லை. அவளும் எதையும் பொறுத்துக்கொண்டதாகக் காட்டிக்கொள்வதில்லை. பாடம் கற்றேன் என்று அவள் எங்கும் சொல்லவில்லை. பெரியவாச்சான் பிள்ளை உள்ளிட்ட வைணவ ஆசாரியர்கள் இந்த நூலுக்கு வியாக்கியானம் எழுதியபோதும் அச்சினத்தை மூடி மறைக்க முற்படவில்லை. அதனைப் பக்தியின் முதிர்ச்சியாகவே மதித்துப் பொருள் உரைத்தனர். ஒரு பெண்ணின் ஆற்றாமையையும் கோபத்தையும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்துள் வைத்துப் பாதுகாத்த ஒரு சம்பிரதாயம், அக்கோபத்துக்கு விடை சொல்ல வேண்டியவன் அரங்கனே என்பதையும் ஒப்புக்கொண்டதாகவே கொள்ள வேண்டும்.

ஒப்புக்கொண்டது வெறும் தத்துவ அளவில் அன்று என்பதற்குத் திருவரங்கத்தின் பங்குனி உற்சவம் சாட்சி. கோதை மணாளனாக வரித்த அந்த அரங்கன், உறையூர் சென்று கமலவல்லி நாச்சியாரோடு சேர்ந்திருந்துவிட்டு மீள்கிறான். பங்குனி உத்திரத்தன்று ரங்கநாயகித் தாயாரின் சந்நிதிக்கு வரும்போது கதவு அடைக்கப்படுகிறது. மட்டையடி என்றும் பிரணய கலகம் என்றும் வழங்கும் அந்நிகழ்ச்சியில், தாயார் தரப்பும் பெருமாள் தரப்பும் முறையாக வாதிடுகின்றன. எங்கே போயிருந்தீர், ஏன் உம்முடைய கோலம் மாறியிருக்கிறது என்ற கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழ, பெருமாள் காரணங்களை அடுக்குகிறார், அவை ஏற்கப்படுவதில்லை. கடைசியில் நம்மாழ்வார் இடைநின்று சமாதானம் செய்கிறார். அதன் பின்னரே சேர்த்திச் சேவை. உலகத்தை ஆள்பவன் என்று தொழப்படும் தெய்வம், அடைத்த கதவுக்கு வெளியே நின்று விளக்கம் சொல்லுவதை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் நின்று பார்க்கிறார்கள். பிழை செய்தவன் எத்தனை பெரியவனாயினும் கேள்விக்குட்பட்டே தீர வேண்டும் என்பதை நூலில் எழுதி வைப்பதைக் காட்டிலும் இவ்வாறு உற்சவமாக்கி வைத்தது மேலான உபாயம்.

இராஜபாளையத்தின் பங்கு இந்த இடத்தில் வருகிறது. விஜயநகரப் பேரரசின் கிருஷ்ணதேவராயர், 1509 முதல் 1529 வரை ஆண்டவர், தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதா என்ற காவியத்துக்குப் பொருள் இந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க் கதையே. நூற்பெயரே சூடிக்கொடுத்தவளைக் குறிப்பது. ஆறு ஆசுவாசங்கள் கொண்ட அக்காவியம் தெலுங்குப் பஞ்ச காவியங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. விஷ்ணுசித்தரின் எளிய விருந்தோம்பலையும் ஸ்ரீவில்லிபுத்தூரின் தெருக்களையும் பருவங்களையும் அவ்வளவு நுணுக்கமாக வருணித்த ஓர் அரசனின் நூல், அந்தத் தெருக்களில் வாழும் தமிழருக்கு நெடுங்காலம் மூடிய புத்தகமாகவே இருந்தது. அதனைத் தமிழாக்கியவர் இராஜபாளையத்தில் பிறந்த மு. கு. ஜகந்நாத ராஜா (1933–2008). வீட்டில் தெலுங்கும் ஊரில் தமிழும் பேசும் சமூகத்தில் பிறந்து, சம்ஸ்கிருதமும் பிராகிருதமும் பாலியும் பயின்ற அவர், அம்மொழிபெயர்ப்புக்காக 1989-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். மொழிபெயர்ப்பாளர்களை நாம் போதிய அளவு கொண்டாடுவதில்லை. ஜகந்நாத ராஜாவின் பெயர் அவர் பிறந்த மாவட்டத்திலேயே இன்னும் பலருக்கு எட்டவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அவர் பிராகிருதத்திலிருந்து தமிழுக்குக் கொணர்ந்த காதா சப்தசதி நம் விஷயத்துக்கு இன்னும் நெருங்கியது. சாதவாகன மன்னன் ஹாலன் பெயரால் வழங்கும் அத்தொகை, எழுநூறு சிறு பாடல்களில் சிற்றூர்களின் காதலையும் பிணக்கையும் பேசுகிறது. தூது செல்லும் தோழி, தாமதித்து வரும் கணவன், கோபத்தை மறைக்க முயன்று தோற்கும் மனைவி, அனுபவம் முதிர்ந்த மூதாட்டி ஆகிய இம்மனிதர்களைத் தமிழ் வாசகன் உடனே அடையாளம் கண்டுகொள்ளுவான். ஜார்ஜ் ஹார்ட் 1975-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், சங்கப் பாடல்களுக்கும் இந்தப் பிராகிருதப் பாடல்களுக்கும் உள்ள ஒற்றுமைகளை விரிவாக எடுத்துக்காட்டித் தக்காணத்துப் பொது மரபொன்றைச் சுட்டினார். ஆயினும் அங்கும் பொறுமையின் பாரம் பெரும்பாலும் பெண் மேலேயே விழுகிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அத்தொகையோடு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கதையை வைத்து ஒப்பிட்டால்தான், தந்தையைத் திருத்திய அக்கதை எத்துணை அரியது என்பது விளங்கும். இரண்டையும் தமிழில் அடுத்தடுத்துப் படிக்க வகை செய்தவர் ஒரே மனிதர்.

தற்கால உளநூலார் முடிவுகளும் ஏறத்தாழ இதே திசையில் செல்லுகின்றன. அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்ட் டிரானிக், 1970-களில் தொடங்கித் தாய்க்கும் சேய்க்கும் இடையே நிகழும் முகபாவப் பரிமாற்றங்களைக் கணந்தோறும் ஆராய்ந்தார். நன்கு பழகும் தாயும் சேயும்கூட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரமே ஒருவர்க்கொருவர் இசைந்திருக்கிறார்கள்; எஞ்சிய நேரத்தில் இசைவு பிறழ்வதும், பிறழ்ந்ததைச் சரிசெய்வதுமே நடந்துகொண்டிருக்கின்றன என்பது அவர் கண்டறிந்தது. அன்பின் இலக்கணம் பிறழாமை அன்று, பிறழ்ந்தபின் திரும்பி வருதல் என்பது இதனால் பெறப்படும். ஜான் காட்மனும் அவருடைய சகாக்களும் புதுமண இணையர் 130 ஜோடிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து நோக்கி 1998-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பொருத்தமானது. மனைவியின் சொல்லுக்கு இடங்கொடுத்துத் தன் போக்கை மாற்றிக்கொள்ளும் கணவர்களின் மணவாழ்க்கையே நிலைத்தது. மறுத்து நிமிர்ந்து நின்றவர்களின் வாழ்க்கை குலைந்தது. ஊடலில் பணிந்தவரை வென்றவராக்கிய வள்ளுவருக்கு இதில் வியப்பு ஒன்றும் இருந்திராது.

உள்ளத்துத் துயரைச் சில நாட்கள் தொடர்ந்து எழுதியவர்கள் பின்னர் மருத்துவரை நாடுவது குறைந்தது என்று ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் அறிவித்த ஆய்வையும் பலர் எடுத்துக்காட்டுவதுண்டு. அது மெய்யே, ஆனால் எழுதுவதால் காயம் பட்டவரின் பாரம் குறைகிறதே தவிர, காயப்படுத்தியவர் அதனால் எதையும் அறிந்துகொள்ளுவதில்லை. நாட்குறிப்பில் முடிந்துவிடும் துயரத்துக்கும், உரியவனை விளித்து அவன் சந்நிதியிலேயே பாடப்படும் நாச்சியார் திருமொழிக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

இத்தனையும் சொன்னபின், இன்று இவ்வூர்களில் பிணக்குகள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதையும் பார்க்க வேண்டாமா? பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-ல் நூற்பாலை நிறுவிய காலந்தொட்டு இராஜபாளையம் ஆலைத் தொழிலின் ஊராக வளர்ந்தது. இரவும் பகலும் ஓயாத ஆலை வாழ்க்கையில், கணவன் இரவு ஷிப்டு முடிந்து வரும்போது மனைவி பகல் ஷிப்டுக்குப் புறப்படுகிறாள். கோபித்துக்கொள்ளவும் நேரம் வேண்டுமல்லவா? வாசலில் உட்கார்ந்து கேட்கப் பாட்டியும் இல்லை, தோழியும் தொலைவில் இருக்கிறாள். ஊர்ச் சாவடியில் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்த்த காலத்தைப் பொற்காலமாக வருணிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அங்கே பெண்ணின் குரல் பெரும்பாலும் அவள் தந்தையின் வாய் வழியாகவே ஒலித்தது. அடியையும் வதையையும் ஊடலின் கணக்கில் சேர்ப்பதும் பெரும் அநீதி. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் எந்த வீட்டுக்கு வேண்டியிருக்கிறதோ, அந்த வீட்டில் சமாதானம் பேசப் போகிறவர் முதலில் அவளுடைய பாதுகாப்பைப் பேச வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அமைந்திருப்பதால், மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் மணமுறிவு கோரிக் கணவனும் மனைவியும் தனித்தனிப் பஸ்களில் ஆண்டாளின் ஊருக்கே வந்து இறங்குகிறார்கள். சட்டம் அவர்களை அவசரமாகப் பிரித்துவிடுவதில்லை. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், முதலில் இணக்கத்துக்கு முயலுவதை நீதிபதியின் கடமையாக்கியதோடு, வழக்கறிஞரை உரிமையாகக் கோர இயலாது என்றும் விதித்து, தம்பதியர் தாமே பேசும் வழியைத் திறந்தது. இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் சேர்க்கப்பட்ட பிரிவு, இருவரும் இசைந்து மணமுறிவு கேட்டாலும் ஆறு மாதம் காத்திருந்து மறுபடியும் வரச் செய்தது. இணைய வழியே இல்லையெனத் தெளிந்தால் அக்காலத்தைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. ஆறு மாத அவகாசம் என்பது நல்ல எண்ணத்தோடு கொடுக்கப்பட்ட கொடை. அந்த அவகாசத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மட்டும் எவரும் வழி காட்டவில்லை. இருவரும் தத்தம் பிறந்தகங்களில் இருந்துகொண்டு, தத்தம் சுற்றத்தாரிடம், தத்தம் நியாயத்தையே மேலும் மெருகேற்றிக்கொள்ளுகிறார்கள். ஆறாவது மாத முடிவில் புலவியாக வந்தது துனியாக முற்றியிருக்கிறது.

சமரச மையங்களில் பொறுமையோடும் கருணையோடும் பணி செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் ஒரு பயிற்சியை வைக்கத் துணிகிறேன். உன் குறை என்ன என்று கேட்பதோடு நில்லாமல், எதிரே இருப்பவரின் குறையை அவருடைய குரலிலேயே, அவர் ஒப்புக்கொள்ளும் வரையில், சொல்லிக் காட்டும்படி இருவரிடமும் கேட்கலாம்; பிழை மிகுதியாக எவரிடம் இருக்கிறதோ அவரிடம் முதலில் கேட்கலாம். மணம் தொடர்ந்தாலும் முறிந்தாலும் இப்பயிற்சி வீண்போகாது. பிரிந்தபின்னும் இருவருக்கும் பொதுவாக ஒரு குழந்தை இருக்கக்கூடும், வேறு உறவுகளும் அமையக்கூடும். இவ்வாறு பேசுவதற்கு மாதிரி வேண்டுமானால் வெளிநாட்டு நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. பெரியாழ்வார் திருமொழி, மூன்றாம் பத்து, எட்டாம் திருமொழி. அந்தப் பாசுரங்களை வாய்விட்டுப் படிக்கச் சிறிது நேரமே போதும்.